செல்லம்மாவின் தூக்குச்சட்டி

அந்தச் சோற்றை வைத்தவள் நான். செல்லம்மா அல்ல! நாற்பது ஆண்டுகளாக இதை யாரிடமும் சொன்னதில்லை. முதன்முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன்.

காட்டிலிருந்த பயங்கரவாதிகளோடு வெள்ளைக்காரர்கள் சண்டையிட்ட அவசரகாலம் அது. சுங்கை செம்பிலாங் கடற்கரையை ஒட்டிய எங்கள் தென்னந்தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். அவர்களுக்குப் போய்விடும் என்று, ஒரு பிடி சோற்றைக்கூட வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். எங்கள் முனியாண்டி சாமியோ வேலிக்கு வெளியே, வாய்க்கால் கரையில் இருந்தார்.

என் மகளுக்கு அப்போது ஒரு வயது. ஐந்து நாளாகக் காய்ச்சல். இறங்கினால் சோறு படைப்பதாக வேண்டிக்கொண்டேன், இறங்கிவிட்டது. சாமிக்குச் சொன்ன சொல்லைத் தள்ளிப்போடப் பயந்த நான், சட்டத்தை மீற மட்டும் எப்படித் துணிந்தேன்?

பக்கத்து வீட்டுச் செல்லம்மா பிள்ளைகுட்டி இல்லாத விதவை. எதற்கென்று சொல்லாமல் அவளுடைய பித்தளைத் தூக்குச்சட்டியை இரவல் வாங்கினேன். அதில் சோற்றை வைத்து, அழுக்குத் துணிகளுக்கடியில் ஒளித்து, துவைக்கப் போகிறவளைப்போல வேலி வாசலைக் கடந்தேன். இலையில் படைத்துக் கும்பிடும்போது ஜீப் சத்தம்... துணியை மட்டும் வாரிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்!

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லாரையும் நிறுத்தினார்கள். இன்ஸ்பெக்டர் சட்டியைத் தூக்கிப் பிடித்தார். சீர்ப் பாத்திரம் அல்லவா, புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி உரக்கப் படித்தார்.

"செல்லம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். என் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தாள்.

"என்னுதுதாங்கய்யா. சோறும் நான்தான் வச்சேன். சாமிக்குங்க."

சாமிக்கு என்பதை யார் நம்பினார்கள்? நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்... சொல்லவில்லை! குழந்தைக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். பயந்தேன், அவ்வளவுதான்.

லோரியில் ஏறியவள் திரும்பினாள்.

"அக்கா, புள்ளைக்குக் காய்ச்சல் வுட்டுருச்சா?"

தலையாட்டினேன்.

அவளைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அங்கே அவளுக்கு யாருமில்லை என்பது எனக்குத் தெரியும். எப்படிப் பிழைத்தாளோ... பிழைத்தாளோ இல்லையோ!

சென்ற மாதம் அதே மகள் எனக்குப் புதுத் தூக்குச்சட்டி வாங்கிவந்தாள்.

"ஒம் பேர வெட்டித் தரச் சொல்லவாம்மா?"

"வேணாம்லா."

"ஏன்மா?"

சட்டியை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.