பேட்டரி பாயின் வலது கை

உக்கடத்தில் பழைய பேட்டரி என்று வாயெடுத்தாலே ஆட்டோக்காரர் கொண்டுபோய் நிறுத்துகிற இடம் ஜபருல்லா பாயின் பட்டறைதான். மூணாங் கிளாசோடு பள்ளிக்கூடத்துக்குச் சலாம் போட்டவர். தானே தொழில் கற்று, தானே அடுப்புக் கட்டி, செத்த பேட்டரியை உடைத்து ஈயத்தை உருக்கி, புதுத் தகடு வார்த்து உயிர் கொடுத்தவர். இதையெல்லாம் யாரும் கேட்க வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார். லாரி பேட்டரியை ஒற்றைக் கையில் தூக்கிக் காட்டிய பிறகுதான் விலையே பேசுவார். அந்தக் கைதான் கடைக்கு விளம்பரம்.

அந்தக் கை இந்த வருஷம் மக்கர் பண்ணியது. மணிக்கட்டு நிமிர மாட்டேன் என்றது. டீ கிளாஸ் நழுவியது. வயிறு வேறு முறுக்கிப் பிடித்தது. பாய் சோடா குடித்துப் பார்த்தார், பெல்ட்டைத் தளர்த்திப் பார்த்தார், வாய்வு என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

கிணத்துக்கடவில் தேங்காய் லாரி வைத்திருக்கும் தம்பிதுரை வந்திருந்தபோது, அவர் கண்ணெதிரிலேயே பாயின் கையிலிருந்து லாரி பேட்டரி நழுவித் தரையில் இறங்கியது.

"ஏனுங்க பாய், சார்ஜ் இல்லாதது பேட்டரிக்குங்களா, உங்களுக்குங்களா?"

பாயும் சேர்ந்து சிரித்தார். ஆனால் மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் கை போய்விட்டால் பட்டறையில் தனக்கு என்ன மரியாதை என்று யோசித்தபடி தட்டைத் தள்ளி வைத்தார்.

மனைவி சபுரா அவரைப் பேசவே விடாமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் சண்முகப்பிரியா ரத்தம் எடுத்து அனுப்பி, முடிவு வந்ததும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ரத்தத்துல ஈயம் ஏகத்துக்கும் இருக்குதுங்க. புது ரத்தம் ஊறுற வேலையை அது நடுவுல நின்னு கெடுக்குது. மணிக்கட்டைத் தூக்குற நரம்பையும் அதுதான் கெடுத்திருக்குது. சுண்ணாம்புச் சத்துன்னு ஏமாந்து எலும்பும் அதைச் சேர்த்து வெச்சுக்குதுங்க."

"நான் உருக்குன ஈயம் எனக்கே துரோகம் பண்ணுதுங்களா?"

"கை கழுவிட்டுத்தானே சாப்பிடுவீங்க?"

"சோத்துக்குச் சோப்புப் போட்டே கழுவுவேனுங்க. வெல்லத்துக்குத்தான் கழுவறதில்லை."

"எந்த வெல்லம்?"

பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். அனுபவம் பேச வேண்டிய இடம் அல்லவா? உலைப் பட்டறைக்காரர்களிடம் உள்ள வழக்கம் அது. தூசி தொண்டையில் தங்காமல் இருக்க அடிக்கடி ஒரு துண்டு வெல்லம். பாய்க்கு அடுப்போரத்திலேயே டப்பா. ஈயம் அள்ளிய கையாலேயே கிள்ளி வாயில் போட்டுக்கொள்வார்.

"தூசியை வழிச்சு எடுத்துட்டுப் போயிருமுங்க. மருந்து திங்க எதுக்குங்க கை கழுவோணும்?"

டாக்டர் பேனாவை மூடினார். "தூசிக்கு இனிப்புத் தடவி நீங்களே முழுங்கியிருக்கீங்க, பாய்."

"ஊட்டுல பாயசம் வெச்சா சக்கரை வந்துருமுன்னு தள்ளி வெப்பாருங்க," என்றாள் சபுரா. "அங்கே மருந்தாமா, மருந்து!"

"அடுப்பை விட்டாக் கை மெதுவாப் பழையபடி ஆகலாமுங்க," என்றார் டாக்டர். " விடலீன்னா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. பட்டறைச் சட்டையோட ஊட்டுக்கும் போகாதீங்க. அந்தத் தூசி அங்கே இருக்கறவங்களுக்கும் ஆகாது."

அடுப்பில்லாமல் நான் என்ன ஜபருல்லா என்று பாய் இரண்டு நாள் வீம்பு பிடித்தார். அதற்கடுத்த காலையில் சட்டைப் பித்தான் போட அவர் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. சபுரா வந்து போட்டுவிட்டாள். வாய் ஓயாத அவள் அன்று ஒரு கேலியும் பேசவில்லை. அதுதான் பாயைப் பயமுறுத்தியது. அன்றைக்கே ஆள் விட்டு அடுப்பை இடித்துப்போட்டார். கூட வேலை செய்தவர்களையும் ரத்தம் பார்க்க அனுப்பிவைத்தார். இப்போது அங்கே புது பேட்டரி வியாபாரம் மட்டும்தான்.

மாதங்கள் போயின. ஒரு காலை, கடை வாசலில் நின்றிருந்தபோது மணிக்கட்டு தானாக நிமிர்ந்தது. நிமிர்ந்த கையை இறக்கப் பாய்க்கு மனசு வரவில்லை. அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே வந்த தம்பிதுரையின் லாரி சடக்கென்று பிரேக் போட்டது. பின்னால் ஒரு பஸ், அதன் பின்னால் ஆட்டோக்கள், ஒரே ஹாரன் சத்தம்.

"ஏனுங்க பாய், எதுக்கு நிறுத்துனீங்க?"

"நான் எங்கீங்க நிறுத்துனேன்?" என்றார் பாய், கையை இறக்காமலே. "பாருங்கன்னு காட்டுனேன்."