காமாட்சி மேடமும் என் வலது காலும்

காந்தி மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு லாரியை இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மன்னார்புரத்தில் பிசியோதெரபிஸ்ட் காமாட்சி மேடத்திடம் வேலை பார்க்கும் பெண். "மேடம் போயிட்டாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அழுதாள். முதுகிலிருந்த மூட்டையைப் போட்டுவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மேடத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கபடியில் என் வலது கணுக்கால் முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்த அன்றே எல்லாம் சரியாகிவிட்டதென்று மீசையை முறுக்கினேன். மூன்றாம் நாள், வெறுங்கையோடு படியிறங்கும்போதே கால் மடங்கிற்று. மேடத்திடம் நொண்டிக்கொண்டு போனேன். தொட்டுப் பார்த்தார்கள்.

"எலும்பு ஒட்டிடுச்சு தம்பி. அதைப் பிடிச்சு நிறுத்துற லிகமென்ட் இன்னும் தளர்ந்துதான் கெடக்கு. அவசரப்பட்டீங்கன்னா கபடியும் இல்ல, மூட்டையும் இல்ல."

மூட்டை தூக்காவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. கபடி ஆடாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். பயந்துதான் போனேன்.

ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள். பாதத்தில் ரப்பர் பட்டையை மாட்டி இழுக்கச் சொன்னார்கள். தேறிவிட்டதா என்று என்னைக் கேட்கவே மாட்டார்கள். வாசலில் கிடக்கும் என் செருப்பைப் புரட்டிப் பார்ப்பார்கள். "இடது தேஞ்சிருக்கு, வலது அப்படியே இருக்கு. வலது கால நீங்க இன்னும் நம்பல."

ஊர்ப் போட்டி நெருங்கியது. நான் மகா புத்திசாலி அல்லவா, வலது செருப்பைச் சிமென்ட் தரையில் நன்றாகத் தேய்த்து எடுத்துப் போனேன். மேடம் சிரித்த சிரிப்பில் அவர்கள் கண்ணில் நீர் வந்துவிட்டது. "ஏங்க, குதிகால் தேயாம நடுவுல மட்டும் எப்படிங்க தேயும்?"

அந்த வருடம் ஆட விடவில்லை. கோபத்தில் ஒரு வாரம் நான் போகவில்லை. அவர்களே போன் செய்து, திட்டி வரவழைத்தார்கள்.

அடுத்த வருடம் ஸ்ரீரங்கத்தில் இறுதி ஆட்டம். கடைசி ரெய்டு என்னுடையது. மூன்று பேர் பிடித்த பிடியில் வலது காலை ஊன்றி, திமிறிப் பாய்ந்து கோட்டைத் தொட்டேன். ஜெயித்தோம்! "ஊனிட்டான்யா, வலது கால ஊனிட்டான்!" என்று மரியாதையெல்லாம் மறந்து மேடம் கத்தியது அத்தனை கூச்சலிலும் எனக்குக் கேட்டது.

நேற்று ஸ்ரீரங்கத்தில் அவர்கள் வீட்டு வாசலில், பாடை தூக்கும் நேரத்தில் முன்னால் போய் நின்றேன்.

"நீங்க என்ன உறவுங்க?" என்று மேடத்தின் தம்பி கேட்டார்.

"இது மேடம் கொடுத்த காலுங்க" என்றேன். அவர் விலகி இடம் விட்டார்.

கொள்ளிடக் கரையில் ஒரே மணல் சரிவு. கூடத் தூக்கியவர்கள் தடுமாறினார்கள். என் வலது கால் பிசகவில்லை. அலுங்காமல் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன், மேடம். போயிட்டு வாங்க.