மஞ்சள் பூசிய சுங்க ரசீது

அண்ணனை வழியனுப்பி ஓராண்டாகிறது. அன்று தோள் கொடுத்தவர்களே இன்றும் வந்திருக்கிறீர்கள். நாலு பேர் முன்னால் பேச எனக்குக் கூச்சம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதனால் எழுதித் தருகிறேன்.

அண்ணன் பிறந்தது உத்தனப்பள்ளியில். சிறு வயதிலேயே அப்பாவை இழந்து, ஓசூரில் இரும்புக் கடை ஒன்றில் வேலை பார்த்து, பிறகு சொந்தமாகக் கடை வைத்தார். கிணற்றுப் பம்புகளுக்கான உதிரி பாகங்களைச் சீமையிலிருந்து சென்னைத் துறைமுகம் வழியாக வரவழைத்தார்.

ஒருமுறை சுங்க அதிகாரிகள் அவற்றைச் சாதாரண இரும்புச் சாமான் என்று சொல்லிக் கூடுதல் வரி போட்டார்கள். கட்டாவிட்டால் சரக்கு துறைமுகத்திலேயே கிடக்கும். இங்கே ஊத்தங்கரை வரை குடியானவர்கள் காயும் பயிரோடு காத்திருந்தார்கள். பேசாமல் கட்டினால் ஒப்புக்கொண்டதாகிவிடும். அண்ணன், "ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கட்டினார். காரணங்களை விளக்கி, வரியைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதமும் அனுப்பினார். அந்த வரியைக் குடியானவர்கள் தலையில் ஏற்றவில்லை. அது திரும்பி வராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

தவறு செய்தவன் நான். ஆயுத பூசையன்று தராசோடு அந்த வரி கட்டிய ரசீதையும் வைத்து, தாராளமாக மஞ்சள் பூசிக் குங்குமமிட்டேன். எண்ணும் முத்திரையும் மறைந்துபோயின.

"என்னடா இது?"

"சுங்க ரசீதுண்ணா. நல்லபடியா திரும்பி வரட்டும்னு..."

அண்ணன், "சாமி படிக்கறதுக்காவது நம்பரை விட்டு வெக்கக் கூடாதா?" என்றார்.

என்னையும் சென்னைக்கு அழைத்துப் போனார். சுங்க அலுவலகக் குமாஸ்தா ரசீதைத் தூக்கிப் பார்த்து, "என்னய்யா, வரிக்கு நலங்கு வெச்சுக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்றார். நான் தலை குனிந்தேன். அண்ணன் கடித நகலை எடுத்து வைத்தார். அதில் ரசீது எண், தேதி, தொகை எல்லாம் இருந்தன. கெடுவுக்குள் கடிதம் சேர்ந்ததற்குத் தபால் ஒப்புகைச் சீட்டும் இருந்தது. அவற்றைக் கொண்டு அலுவலகப் பிரதியைத் தேடி எடுத்தார்கள். சில மாதங்களில் வரி திரும்பி வந்தது. அடுத்த சரக்கும் வந்தது.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் அண்ணன் படுத்திருந்தபோது இன்னொரு சரக்குக்கும் அதே வரி விழுந்தது.

"நீ போய்க் கட்டிட்டு வாடா."

"எனக்கு அங்கெல்லாம் பேச வராதுண்ணா."

"பேச வேணாம். எழுதிக் குடுத்தாப் போதும்."

எழுதிக் கொடுத்தேன். அந்த வரி சென்ற மாதம் திரும்பியது. பார்க்க அண்ணன் இல்லை.

அவரைக் கடைசிவரை கவனித்த மருத்துவருக்கும், அண்ணியாருக்குத் துணை நின்றவர்களுக்கும், பொறுமையாகப் பழைய பிரதியைத் தேடித் தந்த குமாஸ்தாவுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

ஆயுத பூசைக்கு இப்போதும் ரசீதுகளை வைக்கிறோம். பொட்டு மட்டும் பின்பக்கத்தில்.