ஏகமனதாக ஒரு தெரிவு

எங்கள் ஊரான கரவெட்டியின் கட்சிக் கிளைக்குப் புதுத் தலைவரைத் தெரிவுசெய்த ஞாயிற்றுக்கிழமை, என் மனைவியை மோட்டார் சைக்கிளில் வாசிகசாலை மண்டபத்துக்கு ஏற்றிக்கொண்டு போனேன். நான் உறுப்பினன் இல்லை. எனக்கும் கட்சிகளுக்கும் ஏழாம் பொருத்தம். அவள்தான் கிளையின் உபதலைவி. பழைய தலைவர் படுக்கையில் விழுந்த பிறகு, வீடு வீடாகப் போவது, ஆள் சேர்ப்பது, வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அவள் தலையில்தான். தலைவியாக வேண்டும் என்ற ஆசையும் அவளுக்கு நிறையவே இருந்தது. அன்று காலை சேலையை மாற்றி மாற்றி உடுத்தாள். "தெரிவுக்கோ, கலியாணத்துக்கோ?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வாக்கெடுப்பு என்றால் ஊர் இரண்டுபட்டுவிடும் என்று எங்கள் ஆட்களுக்குப் பயம். அதனால் ஒருவர் ஒரு பெயரைச் சொல்வார். பெயருக்குரியவர் ஒரு தரம் மறுக்க வேண்டும். சபை விடாமல் வற்புறுத்தும். பிறகு அவர் தலையாட்டுவார். விருந்தில் மறுசோறு வரும்போது இலையைக் கையால் மறைப்பதில்லையா, அப்படித்தான். எடுத்த உடனே ஓம் என்றால் பதவிக்கு அலைகிறார் என்பார்கள். பழைய தலைவரும் மறுத்து, வற்புறுத்தப்பட்டு வந்தவர்தான்.

அன்று அவள் பெயரைத்தான் முதலில் சொன்னார்கள். அவள் எழும்பி, முறைப்படி, "எனக்கு வேண்டாம். வேறை ஆரையும் பாருங்கோ" என்றாள்.

ஒரு சத்தமும் இல்லை.

கூட்டத்தை நடத்த யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து வந்தவர், "அம்மா மறுத்திட்டா. வேறை பெயர் இருக்கோ?" என்றார். அவர் புதியவர், போகட்டும். எங்கள் வீட்டுத் தேத்தண்ணீர் குடித்த ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லையே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உறுப்பினன் அல்லாதவன் அங்கே பேச முடியாது. பின்வரிசை வாங்கில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அடுத்து, ரோட்டு வேலைகள் எடுத்துச் செய்யும் ஒரு கொந்தராத்துக்காரரின் பெயர் வந்தது. "ஓம், செய்யிறன்" என்றார் உடனே. ஏகமனதாகத் தெரிவு என்று எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

வீட்டுப் படலையில் இறங்கியதும், "அவைக்கு விளங்கேல்லையோ, இல்லாட்டி நல்லா விளங்கித்தான் பேசாமல் இருந்தவையோ?" என்று கேட்டாள்.

"உமக்குத் தெரியாதோ?" என்றேன். அழுதுவிட்டாள்.

கட்சித் தலைமை யாருக்கு என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. கட்சி யாப்பு விதிகள், பொதுச்சபை, இரகசிய வாக்கு. அதையெல்லாம் வாசிக்கும்போது, இரண்டாம் தரம் கேட்கப்படாமல் போனவர் யார் என்றுதான் இப்போது யோசிக்கிறேன்.

அடுத்த கிழமை புதுத் தலைவர் தொலைபேசி எடுத்தார். கூட்டத்துக்கு அவள்தான் ஆட்களைச் சேர்த்துத் தர வேண்டுமாம்.

"எனக்கு ஏலாது தம்பி" என்றாள்.

"ஐயோ அக்கா, அப்பிடிச் சொல்லாதேங்கோ. நீங்கள் இல்லாமல் ஒண்டும் நடக்காது." மறுத்தாள். திரும்பவும் கேட்டார். அவள் மறுக்க மறுக்க, அவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவர் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "உப்பிடிக் கேக்கத் தெரிஞ்ச ஆக்கள்தானே தம்பி அண்டைக்கும் அந்த மண்டபத்துக்குள்ளை இருந்தனீங்கள்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.