கோவளத்தில் காய்ந்த விடைத்தாள்கள்

தீபாவளி நெருங்கினால் எங்கள் வீட்டில் முதலில் பரணிலிருந்து இறங்குவது பயணப் பை. நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். தீபாவளி எங்களுக்குப் பண்டிகை இல்லை. ஆனால் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவின் பட்டாசுப் புகை எங்களுக்கும் சேர்த்துத்தான் வந்தது. அப்பாவுக்கு வீசிங். ஒரு தீபாவளியன்று மூச்சு விட முடியாமல் ஆஸ்பத்திரி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அதற்கப்புறம் வருஷா வருஷம் அந்த நான்கு நாளும் கோவளம்தான். அங்கே கடலோரம் எங்கள் சபைக்குச் சொந்தமான ஒரு சின்ன விடுதி இருந்தது. தாம்பரத்தில் பஸ் ஏறி, கேளம்பாக்கத்தில் மாறி, மடியில் பக்கத்து வீட்டு அதிரச டப்பாவோடு போய் இறங்குவோம்.

ஐப்பசியில் கடற்கரைக்குப் போகிறவர்களைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்தார்கள். மழை பெய்யாத ஒரு வருஷம்கூட எனக்கு ஞாபகம் இல்லை. கடல் ஜன்னலுக்கு வெளியே இருக்கும், நாங்கள் ஜன்னலுக்கு உள்ளே இருப்போம். அதனால் பையில் துணியைவிட விளையாட்டுச் சாமான் அதிகம்: பரமபதம், ஒரு காய் தொலைந்த செஸ், சோழி, ராஜா ராணி விளையாடத் துண்டுச் சீட்டு.

நான் எட்டாவது படித்த வருஷம், எண்பதுகளின் கடைசியில், அந்தப் பையில் இன்னொன்றும் ஏறியது. அம்மா திருத்த வேண்டிய வரலாற்றுப் பரீட்சைப் பேப்பர்கள், நாற்பத்திரண்டு.

அம்மா நான் படித்த பள்ளியில்தான் டீச்சர். போதாக்குறைக்கு என் வகுப்பாசிரியையும் அவளே. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இரண்டு வருஷ புரொபேஷன் ஜனவரியில் முடியும், அதற்குள் எந்தக் குறையும் வரக் கூடாது என்று பல் துலக்கும்போதுகூட நினைத்துக்கொண்டிருந்தாள். லீவு முடிந்து பள்ளி திறக்கும் அன்றே மார்க் கொடுக்க வேண்டும். பேப்பரை வீட்டுக்கு எடுத்துப் போகலாம், வெளியூருக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது பள்ளியின் கட்டளை. "கோவளம் என்ன வெளியூரா? இதோ பக்கத்துல இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ரெக்சின் பையில் வைத்து எடுத்துவந்தாள். அம்மா தெரிந்து செய்த தப்பு அது ஒன்றுதான்.

போய் இறங்கிய மறுநாள் காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. கரண்டும் போயிற்று. பரமபதத்தில் என் தங்கை ஐந்து தடவை ஜெயித்தாள், ஐந்து தடவையும் கட்டிலில் ஏறிக் குதித்தாள். ராஜா ராணியில் அப்பா திருடன் சீட்டு வந்தால் முகத்தை மறைக்கத் தெரியாமல் சிரித்துவிடுவார். பத்து மணிக்குள் எல்லா ஆட்டமும் தீர்ந்துவிட்டது. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. சும்மா இருக்கத் தெரியாத பிள்ளை நான், இன்றைக்கும் அப்படித்தான்.

அப்போதுதான் வராந்தாவில் தொங்கிய "விடுதி" என்ற போர்டைப் பார்த்தேன். பார்த்த உடனே பரீட்சையில் விட்டுப்போன ஒரு பதில் ஞாபகம் வந்தது. ஷெர்ஷாவின் சீர்திருத்தங்கள், ஐந்து மார்க், ஐந்து பாயிண்ட். பரீட்சையில் நான்குதான் ஞாபகம் வந்தது. ஐந்தாவதுக்கு நம்பர் போட்டு ஒரு வரி இடம் விட்டிருந்தேன். அந்த ஐந்தாவது பாயிண்ட் இதுதான்: சாலையோரம் பயணிகள் தங்க விடுதிகள் கட்டினார்.

கோவிலம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற ஒருத்தி எங்கள் வகுப்பில் எப்போதும் முதல் ரேங்க். நான் எப்போதும் இரண்டாவது, அதுவும் ஒரு மார்க், இரண்டு மார்க்கில். டீச்சர் பெண் என்று சலுகை காட்டுவதாக யாரும் சொல்லிவிடக் கூடாதென்று அம்மா எனக்கு அரை மார்க் குறைத்தே போடுவாள். அந்தக் கோபமும் எனக்குள் இருந்தது. அவள் குறைத்ததை நான் எடுத்துக்கொள்கிறேன், இதிலென்ன தப்பு என்று நினைத்தேன். வெட்கம்கெட்ட நினைப்பு.

அம்மா பின்கட்டில் சமைத்துக்கொண்டிருந்தாள், அப்பாவும் தங்கையும் வராந்தாவில் சோழி ஆடினார்கள். நான் உள்ளே போய்க் கட்டைப் பிரித்தேன். வருகைப் பதிவேட்டின் நம்பர் வரிசையில் அடுக்கியிருந்தது. என் நம்பர் பதினேழு. உருவினேன். இருட்டில் எழுத்து தெரியவில்லை. ஜன்னல் கொக்கியை எடுத்து ஒரு கதவைத் திறந்து, கட்டையும் ஜன்னல் திண்டுக்கே கொண்டுவந்து, அதன்மேல் வைத்து அந்த ஒரு வரியை எழுதி முடித்தேன். "சாப்பிட வாங்கடி!" என்று அம்மா கூப்பிட்டாள். பதறிப்போய்ப் பேப்பரைக் கட்டின் மேலேயே போட்டுவிட்டு ஓடினேன். கட்டு திண்டில். ஜன்னல் திறந்தபடி.

சாப்பிட்டு முடிப்பதற்குள் காற்று திரும்பி, சாரல் அந்த ஜன்னல் வழியே உள்ளே அடித்துவிட்டது. நான்தான் முதலில் உள்ளே போனேன். திண்டில் தண்ணீர் குளமாக நின்றது, நீல நிறத்தில். மேலே கிடந்த என் பேப்பர் துவைத்துப் போட்ட கைக்குட்டை போல ஆகிவிட்டது. அந்த நிலைமையிலும் என் மூளை எப்படி வேலை செய்தது பாருங்கள்: அதைக் கட்டுக்குள் பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் சொருகினேன். அதற்கப்புறம்தான் "அம்மா!" என்று கத்தினேன்.

அம்மா வந்து பார்த்தாள். அழவில்லை. ஈர முந்தானையோடு நின்று ஜன்னலையே பார்த்தாள். "காலைல நான்தான் கொக்கிய சரியா போடல போல" என்றாள். நான் திண்டில் நின்ற தண்ணீரைத் துடைக்க ஆரம்பித்தேன்.

அப்பா மெதுவாகச் சொன்னார். "டீச்சர், போனது போச்சு. எல்லாருக்கும் போன பரீட்சையில வாங்கினத பார்த்து ஒரு மார்க் போட்டுடு. யாருக்குத் தெரியப்போகுது?" வீட்டில்கூட அம்மாவை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா. "அந்தப் பொண்ணுங்க எழுதினதுக்குத்தான் மார்க். ஒரு மார்க்குகூட நானா போட மாட்டேன். ஞாயித்துக்கிழமை பஸ் ஏர்றதுக்குள்ள நாப்பத்திரண்டையும் படிக்கிறோம்."

"எப்படிங்க டீச்சர்?" என்றார் அப்பா.

"முதல்ல காயவைப்போம்."

அதுதான் அந்த விடுமுறையின் மிச்ச மூன்று நாளும் எங்கள் விளையாட்டு. ஜன்னல் கம்பியிலிருந்து கட்டில் காலுக்கு, கட்டில் காலிலிருந்து காலண்டர் ஆணிக்கு என்று அறை முழுக்கக் கயிறு கட்டினோம். கிளிப் போதவில்லை, அம்மாவின் கொண்டை ஊசி, தங்கையின் ஹேர்பின், அப்பாவின் டை பின் எல்லாம் போயிற்று. குனிந்துதான் நடக்க முடிந்தது. அம்மா ஸ்டவ்வில் தண்ணீர் கொதிக்கவைத்து எவர்சில்வர் சொம்பில் ஊற்றி, சொம்பின் அடியால் ஒவ்வொரு தாளையும் இஸ்திரி போட்டாள். பட்டாசுப் புகைக்குப் பயந்து வந்த அப்பா மண்ணெண்ணெய்ப் புகையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். வெளியே போய் உட்காருங்கள் என்றால் கேட்கவில்லை.

விடுதி வாட்ச்மேன் குடையோடு எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது? பரீட்ச பேப்பர தொவச்சி காயப்போட்டுகினு கீறீங்க?"

"ஆமா அண்ணா. டார்ச் லைட் இருந்தா குடுங்க" என்றாள் அம்மா.

டார்ச் எதற்கென்றால், மை கரைந்தாலும் நிப் அழுத்திய கீறல் தாளில் இருக்கும். கதவையும் ஜன்னலையும் சாத்தி இருட்டாக்கி, தாளைச் சாய்த்து, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால் எழுத்து மெல்ல எழுந்து வரும். தங்கை டார்ச் பிடிப்பாள், அப்பா எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசிப்பார், அம்மா சிவப்புப் பென்சிலால் மார்க் போடுவாள். காயக் காய எடுத்து நம்பர் வரிசையில் அடுக்குவது என் வேலை. ஒன்றிலிருந்து எட்டு வரைதான் மோசம். ஒரு பேப்பருக்கு ஒரு மணி நேரம்கூட ஆனது. அதற்குக் கீழே போகப் போக ஈரம் குறைவு.

இதில் ஒரு கூத்து உண்டு. எங்கள் வகுப்பில் மைப் பேனாவால்தான் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டவளே அம்மா. பால் பாயிண்டில் எழுதினால் கையெழுத்து கெட்டுப்போகும், இரண்டு மார்க் கட். சட்டத்தை மீறிய மூன்று பேர் பேப்பர் மட்டும் அப்படியே பளிச்சென்று இருந்தது. "டீச்சர், இந்த மூணு பேருக்கும் நீ மாலை போடணும்" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தோம், அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூன்று பேருக்கும் இரண்டு இரண்டு மார்க் வெட்டினாள்.

முதல் நாள் முடிவில் ஆறு. மறுநாள் மதியத்துக்குள் பன்னிரண்டு. அம்மா ஜன்னல் பக்கம்கூடத் திரும்பவில்லை. கடலைப் பார்க்க வந்தவள், மூன்று நாளாகக் கடலைக் காதால்தான் கேட்டாள். கண் சிவந்து நீர் வடிந்தது. ஈரத் துணியால் ஒற்றிக்கொண்டு "அடுத்தது" என்பாள். ஒவ்வொரு "அடுத்தது"க்கும் நான் நம்பரை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழு வந்துகொண்டிருக்கிறது.

வந்தது. தங்கை டார்ச் அடித்தாள். அப்பா தாளைச் சாய்த்தார், நிமிர்த்தினார், திருப்பினார். நூலாக நைந்துபோன தாளில் கீறல்கூட இல்லை.

"என்னங்கடி அதிசயம்" என்றார் அப்பா, ஒன்றும் தெரியாமல், சிரித்துக்கொண்டே. "பதினாறு நல்லா இருக்கு. பதினெட்டும் நல்லா இருக்கு. நடுவுல இது ஒண்ணுக்கு மட்டும் தனியா மழை பேஞ்சுதா?"

அம்மா பென்சிலைக் கீழே வைத்தாள். பேப்பரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"கொக்கிய நான் சரியாத்தான் போட்டேன், இல்ல?"

"ஆமாம்மா." அதற்குமேல் தாங்கவில்லை. எல்லாம் கொட்டிவிட்டேன்: உருவினது, ஜன்னலைத் திறந்தது, எழுதினது, நடுவில் சொருகினது. தங்கை டார்ச்சை அணைக்கக்கூட மறந்து என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன எழுதின?"

"விடுதிகள் கட்டினார்னு."

அம்மா அந்தத் தாளைக் கையில் எடுத்தாள். "பாயிண்ட் கரெக்ட்தான்" என்றாள். "அதான்டி எனக்கு அழுகையா வருது." அப்போதுதான் அழுதாள். நாற்பத்திரண்டு பேப்பர் நனைந்ததற்கு அழாதவள்.

அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மூக்கைத் துடைத்துக்கொண்டு, மார்க் லிஸ்டில் பதினேழாம் நம்பருக்கு நேராகச் சைபர் போட்டாள். "அடுத்தது" என்றாள். அப்பா பதினெட்டை வாசிக்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது நாற்பத்திரண்டாவது முடிந்தது.

பள்ளி திறந்த அன்று பிரேயர் மணிக்கு முன்னாலேயே என்னையும் அழைத்துக்கொண்டு ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குப் போனாள். கோவளத்திலிருந்து திரும்பும் வழியில் அப்பா எத்தனையோ சொல்லிப் பார்த்திருந்தார்: பேப்பர் நனைந்தது என்று மட்டும் சொல், அவள் எழுதினதைச் சொல்லாதே, ஜனவரி பக்கத்தில் இருக்கிறது. அம்மா கேட்கவில்லை. முதலில் தன் தப்பைச் சொன்னாள், பிறகு என்னுடையதை. இரண்டையும் ஒரே குரலில் சொன்னாள். சுருங்கிப்போன பேப்பர் கட்டை மேசையில் வைத்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இத்தனையும் படிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த மார்க்குகளே நின்றன. ஆனால் ஜனவரியில் வர வேண்டிய உத்தரவு வரவில்லை. வெளியூருக்குப் பேப்பர் கொண்டுபோனதற்காகப் புரொபேஷனை நீட்டிவிட்டார்கள். ஜூனில்தான் வேலை நிரந்தரமானது. அந்த ஆறு மாதத்தில் அம்மா ஒரு நாளும் என்னிடம் அதைச் சொல்லிக்காட்டவில்லை. மைப் பேனா சட்டத்தையும் மாற்றவில்லை. "பேனா என்ன பண்ணுச்சு?" என்று கேட்டாள்.

இதற்கெல்லாம் முன்னால், பள்ளி திறந்த சில நாளிலேயே பிராக்ரஸ் கார்டு வந்தது. வரலாறு: சைபர், சிவப்பில் வட்டம். எப்போதும் என் கார்டில் பெற்றோர் இடத்தில் அப்பாதான் கையெழுத்துப் போடுவார். ஒரே ஆள் இரண்டு பக்கமும் போடக் கூடாது என்பது அம்மாவின் கொள்கை. அன்றைக்கும் அப்பா பேனாவைத் திறந்துகொண்டு கையை நீட்டினார்.

"இத நான் போடறேன்" என்றாள் அம்மா.

வகுப்பாசிரியர் என்ற இடத்தில் ஏற்கனவே இருந்த அதே கையெழுத்தை, பெற்றோர் என்ற இடத்திலும் அழுத்திப் போட்டாள். நான் அவசரமாகக் கார்டை எடுத்து மூடப் போனேன். என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருடி. மை காயட்டும்."