ஓட்டத் தெரியாதவர்களுக்கான செட்டிங்

அப்பு கண்ணா, இன்றைக்கு எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

நீ என்னை விட்டுப் போய் நாலு மாசம் ஆகிறது. உன் கம்ப்யூட்டரை உன் தோஸ்து சலீமுக்கே கொடுத்துவிடலாம் என்று வரச் சொன்னேன். கழற்றுவதற்கு முன்னால், நீ ஓட்டுகிற பிளேன் கேமைப் போட்டுக் காட்டினான்.

"நீயும் புடிம்மா, இன்னா பயம்?" என்றான்.

மவுஸைப் பிடித்தேன். பிளேன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பயந்து கையை எடுத்துவிட்டேன். அது தானாக நிமிர்ந்து நேராகப் போனது.

"யார்ரா ஓட்டினு கீறது?"

"கம்ப்யூட்டரே புடிச்சிக்கும்மா. ஓட்டத் தெரியாதவங்களுக்கு வெச்ச செட்டிங்கு. ஆனா அப்பு இத்த போடவே மாட்டானே! நான் போட்டாலே, 'இன்னாடா, கொயந்தையா நீ'ன்னு கலாய்ப்பான்."

ஓட்டிப் பார்க்கச் சொல்லி நீ கூப்பிட்டபோதெல்லாம், மீன் கழுவிய கை நாறுகிறது, அப்புறம் வருகிறேன் என்றுதான் சொன்னேன்.

கம்ப்யூட்டரைக் கொடுக்கவில்லை. சலீமும் கேட்கவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள், அந்த செட்டிங் தானாக மாறிக்கொள்ளுமா? மாறாது என்கிறான் சலீம்.

அப்படியென்றால் எனக்காகத்தான் போட்டு வைத்தாயா, அப்பு?