கிடையாது சிங்காரவேலு

விடிந்தும் விடியாத நேரத்தில் கையில் கழியோடு தெருவுக்கு வந்து, மின்கம்பத்துப் பெட்டியில் இருக்கும் சுவிட்சைத் தட்டி விளக்குகளை அணைக்கிறார் சிங்காரவேலு. "யாரு வூட்டுக் காசு எரியுது?" என்று கேட்டுக்கொண்டேதான் அணைப்பார். பதில் சொல்ல அந்த நேரத்தில் நாய்கூட விழித்திருக்காது. குரும்பலூரில் சூரியன் வருவதற்கு முன்பே வெளிச்சம் போவது அவர் தெருவில் மட்டும்தான். ஒருநாள் அவருக்குக் கொஞ்சம் முன்னதாகவே விடிந்துவிட்டது. பால்காரர் வண்டியோடு சாக்கடையில் இறங்கினார். நாலு பேர் வந்து நியாயம் கேட்டபோது, "அவன் வண்டியில ஹெட்லைட்டு எதுக்கு இருக்கு? தன் கையே தனக்குதவி," என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்க உள்ளே போனார். காபி இல்லை. அவர் வீட்டுக்கு வரவேண்டிய பாலும் சாக்கடையில்தான் இருந்தது.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் 'ஷார்ஜா டைலர்ஸ்' அவருடையது. ஒடிசலான உடம்பு. கழுத்தில் எந்நேரமும் ஒரு இஞ்ச் டேப்பு தொங்கும்; கல்யாணத்துக்குப் போனாலும் துக்கத்துக்குப் போனாலும் அது இறங்காது. சட்டைக்கு எவ்வளவு துணி வேண்டும் என்று கேட்டால் ரெண்டரை மீட்டர் என்பார். பக்கத்துக் கடைக்காரர் அதே சட்டையை ரெண்டே காலில் முடிப்பார். மிச்சம் எங்கே என்று யாராவது வாய் திறந்தால், "துணின்னா சுருங்கும்ல" என்று பதில் வரும். சுருங்கிய துணியெல்லாம் எங்கே போய் விரிந்தது என்பது அவர் வீட்டுக்குள் போனால் தெரியும். பெரம்பலூர் வக்கீல்களும் வாத்தியார்களும் போட்டுத் திரியும் சட்டைகள் அத்தனைக்கும் அங்கே தலையணை உறையாக ஜோடி உண்டு.

அந்தத் தலையணையில் படுத்துக்கொண்டுதான் அவர் சொல்வார்: "கவர்மெண்டுங்கறது மோசமான டைலரு. ரெண்டு மீட்டர் வேலைக்கு நாலு மீட்டர் கேக்கும். தச்சுக் குடுக்கறது கைக்குட்ட." சொல்லும்போது முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. தன்னைக் குத்தாத ஊசியைத்தான் அவர் எப்போதும் எடுப்பார்.

இந்தக் கொள்கை அவருக்கு ஷார்ஜாவில் பிடித்தது. பதினெட்டு வருடம் அங்கே அரபிகளுக்கு வெள்ளை அங்கி தைத்தார். லப்பைக்குடிக்காட்டு அப்துல் சலாமும் அவரும் ஒரே அறை, ஒரே சட்டி. சலாம் இப்போது ஊரில் மிக்சி, கிரைண்டர், ஃபேன் விற்கிறார். சிங்காரவேலு பேசுவதைக் கடைசிவரை கேட்கும் ஒரே மனிதரும் அவர்தான். "அங்க வரியே கிடையாது பாய், நெனச்சுப் பாரு," என்று இவர் ஆரம்பித்தால், "வரி கிடையாதுதான் வேலு. ஓட்டும் கிடையாதே," என்பார் சலாம். அதை இவர் காதில் வாங்கியதில்லை. ஊருக்குத் திரும்பியபின், கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர்கள் செல்போனுக்குள் நின்று அரசாங்கத்தைத் திட்டுவதை, கீழே ஓடும் தமிழைப் படித்துப் படித்துப் பார்த்தார். பொத்தான் கட்டும் பையனையெல்லாம் கேட்க வைத்தார். மனிதருக்கு உள்ளூர இருந்தது ஒரே ஏக்கம்தான். தான் பேச, ஒரு கூட்டம் நின்று கேட்க வேண்டும்.

இந்தத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறேன் என்று அவர் அறிவித்தபோது மனைவி மலர்கொடி உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். "அதுக்கு முன்னால ரேஷன்ல போயி நில்லுங்க, சக்கர போடறாங்க," என்றார்.

"நான் கொள்கக்காரன். நான் எப்படி நிப்பேன்? நீ போ."

மலர்கொடி போனார். இலவச பஸ்ஸில் போய், இலவச அரிசியும் வாங்கி வந்தார். அந்த அரிசி வந்தது அவர் கொள்கைக்குத் தெரியாது. வயிற்றுக்கு மட்டும் தெரியும். எறையூர்ப் பக்கம் அவருக்கு ஒரு ஏக்கர் கரும்பு இருக்கிறது. அங்கே ஓடும் மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். அதைப் பற்றிக் கேட்டால், "அது இலவசம் இல்லய்யா, அது வெவசாயியோட உரிம. ரெண்டையும் கொழப்பாத," என்பார். மற்றவர்கள் வாங்குவதற்கு அவரிடம் வேறொரு பழமொழி தயாராக இருக்கும்: கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறார்கள்.

சொந்தத் தொகுதியில் அவர் நிற்கவில்லை. அங்கே பால்காரருக்கு ஓட்டு இருந்தது. பக்கத்துத் தொகுதி, பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு காலும் அரியலூர் மாவட்டத்தில் ஒரு காலும் வைத்துக் கிடக்கிறது. அவருடைய முதல் திட்டத்துக்கு அதுதான் தோதாக இருந்தது. இரண்டு மாவட்டத்தையும் மறுபடி ஒன்றாக்கிவிட வேண்டும் என்பது திட்டம். "பிரிச்சாங்க, சேத்தாங்க, திரும்பப் பிரிச்சாங்க. இத்தன தடவ தையலப் பிரிச்சா துணி தாங்குமா? ஒரு கலெக்டர் போதும், ஒரு ஆபீஸ் போதும்." யோசித்துப் பார்த்தால் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் எந்த ஆபீஸை மூடுவது என்ற இடத்தில்தான் அவருக்கு இரண்டு நாக்கு முளைத்தது. பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அரியலூரை மூடுவார். எல்லை தாண்டியதும் ஒரு சோடா குடித்துவிட்டுப் பெரம்பலூரை மூடுவார்.

ஒருநாள் மத்தியானம் பிரசார டெம்போவில் கண்ணயர்ந்து, எழுந்த வேகத்தில் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று பார்க்காமல் மைக்கைப் பிடித்துவிட்டார். "அரியலூர் ஆபீஸ இழுத்துப் பூட்டுவேன்," என்று முழங்கினார். நின்றதோ சிமெண்டு லாரிகள் வரிசையாக நிற்கும் அரியலூர்ப் பக்கத்து டீக்கடை. லாரிக்காரர் ஒருவர் டம்ளரைக் கீழே வைத்தார். "சிமெண்டு எங்க ஊர்ல, சுண்ணாம்புக்கல்லு எங்க ஊர்ல, ரயிலு நிக்கிறது எங்க ஊர்ல. தூசியத் தின்னுட்டு நாங்க கையெழுத்து வாங்க ஒங்க ஊருக்கு வரணுமா?" டெம்போ அன்று போன வேகத்தில் அதற்கப்புறம் ஒருநாளும் போகவில்லை.

அவர் பிரசாரம் செய்வதே ஒரு காட்சிதான். மற்ற வேட்பாளர்கள் கட்சித் துண்டு போட்டிருப்பார்கள். இவர் கழுத்தில் இஞ்ச் டேப்பு. மற்றவர்கள் தருவேன் என்று சொல்லும் இடத்தில் எல்லாம் இவர் கிடையாது என்பார். "நான் ஜெயிச்சா இலவச பஸ்ஸு கிடையாது. இலவச வேட்டி சேல கிடையாது. தொறப்பு விழா கிடையாது, பொன்னாட கிடையாது. ஒங்ககிட்டேருந்து எடுக்கவும் மாட்டேன், ஒங்களுக்குக் குடுக்கவும் மாட்டேன்." ஒவ்வொரு கிடையாதுக்கும் காற்றில் கத்திரிப்பதுபோல் இரண்டு விரலை வெட்டுவார். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் உடம்பு ஒரு சாண் உயர்ந்துவிடும். அதனாலேயே 'கிடையாது சிங்காரவேலு' என்ற பெயர் சீக்கிரம் பரவிவிட்டது. அவருக்கும் அதில் பெருமைதான்.

செந்துறைப் பக்கம் ஒரு கிராமத்தில், நூறு நாள் வேலை முடித்து மண் தட்டோடு வந்த பாப்பாத்தி என்ற பெண் நின்று முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "ஒண்ணும் தரமாட்டேன்றதுக்கு எதுக்குங்க ஓட்டு?" என்றார். "ஒண்ணும் தராம இருக்கத்தான் ஏற்கனவே நெறைய பேரு இருக்காங்களே." சுற்றி நின்ற மூன்று பேரும் சிரித்தார்கள். அவருடைய அதுவரையிலான பெரிய கூட்டம் அந்த மூன்று பேர்தான்.

பிறகு சின்னம் வந்தது. செலவை வெட்டுபவருக்குக் கத்திரிக்கோல்தானே பொருத்தம்? விண்ணப்பத்தில் அதைத்தான் முதலில் கேட்டிருந்தார். இரண்டாவதாகப் பூட்டு. மூன்றாவது இடம் காலியாக இருந்தபோது, "எப்படியும் கத்திரிதான் பாய். சும்மா எதையாச்சும் போடு," என்று சலாமிடம் பேனாவைக் கொடுத்தார். சலாம் சின்னங்களின் படங்களைப் பார்த்தார். தன் கடையில் இருக்கும் சாமான்தான் அவர் கண்ணில் பட்டது. கத்திரிக்கோலை ஒரு சிறு கட்சி முன்னுரிமையில் கொண்டுபோயிற்று. பூட்டு குலுக்கலில் போயிற்று. இலவசத்தை ஒழிக்கக் கிளம்பியவருக்குக் கிடைத்தது மிக்சி.

மிக்சி என்றால் இந்தப் பக்கத்தில் சட்னி அரைப்பது மட்டும் இல்லை. முன்பு அரசாங்கம் வீட்டுக்கு வீடு மிக்சி கொடுத்தது. சிங்காரவேலு வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அதில் இருந்த முதலமைச்சர் படத்தை மட்டும் அவர் கத்திரி முனையால் சுரண்டி எடுத்துவிட்டார். மலர்கொடி அதில்தான் இன்றுவரை அரைக்கிறார். சின்னத்தின் படத்தைக் கணவர் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியபோது, மலர்கொடி அடுப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அன்று இரவு அவருக்குச் சோறு போடும்போதும் சிரிப்பு அடங்கவில்லை.

மறுநாளிலிருந்து அதிசயம் நடந்தது. டெம்போ போகும் இடமெல்லாம் பெண்கள் வீட்டை விட்டு வெளியே வந்தார்கள். "மிக்சி தர்றவரு வராரு" என்று பிள்ளைகள் முன்னால் ஓடின. செந்துறைப் பக்கத்துக் கிராமத்தில் அதே பாப்பாத்தி, தெருப் பெண்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு ஆரத்தித் தட்டோடு நின்றார். சிங்காரவேலு வாழ்க்கையில் முதல் தடவையாக விசில் சத்தம் கேட்டார். அது தனக்குத்தான் என்று புரிந்ததும் டெம்போவின் விளிம்பு வரை முன்னால் வந்து நின்றார். ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதருக்கு அது கிடைத்தால் என்ன ஆகும் என்று அவரைப் பார்த்த யாரும் புரிந்துகொள்ளலாம்.

"உங்கள் சின்னம்..." என்றார். "மிக்சி," என்றது கூட்டம். "நான் ஜெயிச்சா இலவச மிக்சி..." என்று ஆரம்பித்தவருக்கு அடுத்த வார்த்தை பல்லுவரை வந்துவிட்டது. கத்திரிக்கும் விரல்களும் தூக்கியாயிற்று. எதிரே பாப்பாத்தி முகம் மலர்ந்து நின்றார். "...பத்தியெல்லாம் அப்புறம் விரிவாப் பேசலாம்," என்று முடித்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அடுத்தடுத்த நாட்களில் அந்த வார்த்தை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. இலவச பஸ் கிடையாது என்பது "பஸ்ஸு வசதியப் பத்தி ஆலோசிக்கப்படும்" என்று ஆயிற்று. மாவட்டம் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. விரல்கள் வெட்டுவதை நிறுத்திக் கும்பிடு போடக் கற்றுக்கொண்டன. செலவை வெட்ட வந்தவர் தன் பேச்சைத்தான் வெட்டிக்கொண்டிருந்தார். சலாம் எல்லாவற்றையும் டெம்போவின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம் வருவது அபூர்வம்.

பிரசாரத்தின் கடைசி நாள் மத்தியானம், புளியமரத்து நிழலில் சாப்பிடும்போது அவர் சொன்னார்: "வேலு, ஒன் கொள்கையில எனக்கு ஒருநாளும் ஒப்புதல் இல்ல. ஆனா ஒன் நிய்யத்து, ஒன் எண்ணம், சுத்தமா இருந்துச்சு. மனசுல ஒண்ணு, வாயில ஒண்ணு கிடையாது. அதுக்காகத்தான் கடைய அடச்சுட்டு ஒங்கூட வந்தேன்."

"இப்ப என்ன பாய் ஆயிடுச்சு? நான் மிக்சி தரேன்னு எங்கயாச்சும் சொன்னேனா?"

"தரமாட்டேன்னு சொல்லலயே. அந்தப் பொம்பளைங்க வூட்டுல பழைய மிக்சியத் தூக்கிப் பரண்ல வச்சுட்டு நிக்கிறாங்க. என் கடையில மிக்சிக்குச் சொல்லி வச்சவங்க போன் போட்டு, 'வேணாம் பாய், எலெக்சன் முடிஞ்சா வந்துரும்'ங்கறாங்க. சாயங்காலம் கடைசிக் கூட்டம். ஒரே ஒரு தடவ மைக்குல சொல்லிடு. இல்லன்னா நான் ஒனக்கு ஓட்டுக் கேட்டது பொய்யாயிடும். அதோட நம்ம சங்காத்தமும் முடிஞ்சுது."

சிங்காரவேலு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். இருபத்தைந்து வருடப் பழக்கம். ஷார்ஜாவில் மஞ்சள் காமாலையில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்த கை அது. "சொல்லிடறேன் பாய்," என்றார். "சத்தியமா சொல்லிடறேன். கிடையாதுங்கறது நம்ம வார்த்ததானே."

சாயங்காலம் பாப்பாத்தியின் கிராமத்தில்தான் கடைசிக் கூட்டம். பக்கத்து ஊர்ப் பெண்களும் வந்திருந்தார்கள், தெரு கொள்ளவில்லை. பிரசாரம் முடிய இன்னும் சில நிமிடம்தான் இருந்தது. சிங்காரவேலு மைக்கைப் பிடித்து, கழுத்திலிருந்த டேப்பைச் சரி செய்துகொண்டு, "தாய்மார்களே, ஒரு முக்கியமான விசயம். அந்த மிக்சி விசயம்," என்றார். சலாம் எழுந்து அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

முன்வரிசையிலிருந்து பாப்பாத்தி கேட்டார்: "அதான் நாங்களும் கேக்கணும்னு இருந்தோமுங்க. ஜாரு ரெண்டா, மூணா?"

சிங்காரவேலு சலாமைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். வாய் 'கி' என்று திறந்தது. திறந்தபடியே நின்றது. வலது கை மட்டும் மெல்ல மேலே எழுந்து, பின்னால் நின்ற பெண்களுக்கும் நன்றாகத் தெரியும்படி, மூன்று விரல்களை விரித்துக் காட்டியது.